உள்ளுக்கு விடும் துணி

அளவுக் கொப்பிக்குப் பொய் தெரியாது.
போன ஆவணியில் கஜரூபனின் நெஞ்சு முப்பத்தாறு,
கழுத்து பதினாலரை.
இந்தச் சித்திரையில் நாற்பத்து நாலு, பதினேழரை.
இடையில் எட்டு மாதம்.
எட்டு மாதத்தில் எனக்குத் தெரிந்து
வயிற்றுப் பிள்ளைதான் இப்படி வளரும்.

உவர்மலை அணிக்குச் சட்டை தைக்கிறவள் நான்.
முதுகில் பெயரும் இலக்கமும் ஒட்டுகிறவளும் நான்தான்.
மத்திய வீதியில், கொத்துரொட்டிக் கடைக்கும்
மருந்துக்கடைக்கும் நடுவில் என் மெஷின்.
ஒரு பக்கம் தகட்டில் அடிக்கிற சத்தம்,
மறு பக்கம்
ஒருவரும் சத்தமாய்க் கேட்டு வாங்காத சாமான்கள்.

மெலிந்த குழந்தைக்கு யானை உருவம் என்று
பெயர் வைத்தவளைப் பகிடி பண்ணின ஊர்
இப்போது பெயர் பொருந்திவிட்டது என்று கைதட்டுகிறது.
நானும் தட்டினேன்.
அரையிறுதி. கடைசி ஓவர். இருபத்தேழு வேணும்.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு,
ஐந்தாவது பந்து மதிலுக்கு மேலால் போய்
கோட்டைப் பக்கம் படுத்திருந்த மான்களை எழுப்பிவிட்டது.
ஐந்தும் சிக்ஸ்.
நான் கத்தின கத்தில்
மறுநாள் கடையில் குரல் இல்லை.
விலையை விரலால் காட்டினேன்.

அன்றைக்குத்தான் அவன் வந்தான்,
இறுதிப் போட்டிக்குப் புதுச் சட்டை.
பழையது அக்குளில் கிழிந்துவிட்டதாம்.
கையைத் தூக்கச் சொல்லிச் சைகை காட்டி
நாடாவைச் சுற்றினேன்.
பனியனுக்கு வெளியே முதுகெல்லாம் பரு,
பதினாறு வயதுக்காரனுக்கு வருகிற மாதிரி.
அவனுக்கு இருபத்தாறு.
நாடாவுக்குள் நெஞ்சு அடித்தது,
சும்மா நிற்கிறவனுக்கு
ஓடி வந்தவனின் துடிப்பு.

"முட்டை, அக்கா" என்றான், நான் கேட்காமலே.
"நாளுக்கு இருபது. பிறகு புரோட்டீன்."
கேட்காத கேள்விக்கு வந்த பதிலை
எழுதக் கொப்பியில் கட்டம் இல்லை.

இருக்கலாம். முட்டையாகவே இருக்கலாம்.
விடிய நாலு மணிக்கு உப்புவெளி மணலில்
லொறி டயரை இழுத்துக்கொண்டு ஓடுகிறான்,
மீனுக்குப் போகிறவர்கள் கண்டிருக்கிறார்கள்.
தசை கூடும், சரி.
தொப்பி ஏன் இறுகுது?

நானும் ஊசிக்காரிதான்.
ஊசி போன ஓட்டை துணியில் தெரியாது.
பிடித்திருக்கிற தையல் மட்டும்தான் தெரியும்,
அதைத்தான் ஆட்கள் நல்ல வேலை என்பார்கள்.

அந்த ஐந்து சிக்ஸையும் கொடுத்தவன் சர்ஜூன், கிண்ணியா.
அதுவரைக்கும் மூன்று ஓவரில் பதினொரு ஓட்டம்.
கொழும்பிலிருந்து ஆள் எடுக்க வந்திருந்த இரண்டு பேர்
சர்ஜூனின் பெயரை வெட்டிவிட்டுக்
கஜரூபனின் பெயரை எழுதியதை
பின் வரிசையில் இருந்து நான் பார்த்தேன்.
நிரந்தர வேலை. மாதச் சம்பளம்.
அப்போதும் என் கை தட்டிக்கொண்டுதான் இருந்தது.

புதன்கிழமை சர்ஜூன் பாலம் தாண்டி பஸ்ஸில் வந்தான்.
சீமெந்து மூட்டை இறக்கிய தூசு இமையில் இருந்தது.
மூன்றாம் இடத்துப் போட்டி இருக்குதே, அதற்கு ஒரு சட்டை.
நான் நாடாவை எடுக்கவில்லை.
மூன்று வருடமாய் ஒரே அளவு,
முப்பத்து நாலு, மனப்பாடம்.

"உள்ளுக்குக் கொஞ்சம் துணி கூட விடுங்க, அக்கா."

ஏன் என்று கேட்கக் குரல் வந்திருந்தது.
கேட்கவில்லை.
அவன் வாசலைப் பார்த்தான்,
கொத்துரொட்டிப் பக்கம் அல்ல.

"அடுத்த வருஷத்துக்குக் காணுமான அளவு" என்றான்.

கத்தரிக்கோல் கொஞ்ச நேரம் வாய் திறந்தபடி நின்றது.
பிறகு பக்கத்துக்கு இரண்டு அங்குலம் விட்டு வெட்டினேன்.
ஏன் விட்டேன் என்பதை
ஞாயிற்றுக்கிழமை,
கஜரூபன் மட்டையோடு இறங்கி,
நான் கத்தி முடிந்த பிறகு
யோசிக்கலாம்.