செட்டாத்தான் வரும்

துளை போட்ட போல்ட் ஒன்று.
சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது.
பிரேக் ஒயர் அந்தத் துளைக்குள் நுழையும்,
நட்டை முறுக்கினால் கவ்விக்கொள்ளும்.
அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.
செவ்வாய்க்கிழமை, நாகலூர் இறக்கத்தில்,
முன்னறிவிப்பில்லாமல் ராஜினாமா செய்துவிட்டது.

காப்பிச் செடிகளுக்குள் போய் நின்றேன்.
தபால் பை எனக்கு முன்பே போய் விழுந்திருந்தது.
கடிதங்கள் எல்லாம் இருந்தன, எண்ணிப் பார்த்தேன்.
போல்ட்டைத்தான் காணோம்.
சருகைக் கிளறிக் கிளறி
ஒரு அட்டையைக் காலில் ஏற்றிக்கொண்டதுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
டிரைவரின் வலது காலையே பார்த்துக்கொண்டு இறங்கினேன்.
பர்ஸில், ஆதார் அட்டைக்கும் மாத்திரைக்கும் நடுவே,
கைக்குட்டையில் சுற்றிய பிரேக் கை.
இல்லாத ஒன்றைக் கேட்டு வாங்க
அது இருந்த ஓட்டையைத்தானே
கொண்டுபோய்க் காட்ட முடியும்?

முதல் அக்ரஹாரத்தில் காட்டினேன்.
"இது தனியா வராதுங்க. செட்டாத்தான் வரும்."
இரண்டு கை, கட்டை, ஸ்பிரிங், ஒயர்: நூற்றியெண்பது.
செவ்வாய்ப்பேட்டையில் பாதிக் கடைகள் ஷட்டர்;
திறந்திருந்த கடையில் அதே ஓட்டையைப் பார்த்து
அதே பதில், பத்து ரூபாய் கூட.
குகையில் ஒருவர் பிரேக்கைத் தொடவே இல்லை.
"இந்த மாடலே நின்னுபோச்சு.
சைக்கிளை மாத்திடுங்க மேடம்."

செட்டாக வருவது எனக்குத் தெரியாததல்ல.
கல்யாணம் அப்படித்தான் வந்தது:
அவர், அவருடைய அண்ணன்,
அண்ணன் வாங்கிய கடன்,
கடன் பத்திரத்தில் ஜாமீனாக என் கையெழுத்து.
நான் கேட்டிருந்தது ஒரே ஒரு ஆளை.

லீ பஜாருக்குப் பின்னால் இலியாஸ் கடை.
ஒன்றும் சொல்லாமல் ஒரு பிஸ்கட் டின்னைச்
சாக்கின் மேல் கவிழ்த்தார்.
பால்ரஸ், வால்வு மூடி, உடைந்த பெடல் கட்டை,
குழந்தை சைக்கிளின் மணி மூடி,
யாரோ தொலைத்த ஒற்றைத் தோடு.
"தேடிக்கங்க" என்று பஞ்சர் ஒட்டப் போய்விட்டார்.
முக்கால் மணி நேரம்.
விரல் நுனியெல்லாம் கிரீஸ்.
அளவு சரி, மரை சரி, நட்டும் ஏறுகிறது.
துளை மட்டும் இல்லை.

"துளைதானே? எதிர்ச் சந்துல மாதேஸ் இருப்பான்."

மாதேஸ் கொலுசுக்குத் திருகாணி போடுகிறவர்.
முன்னால் தட்டில் வெள்ளி, தலைமுடி கனத்தில் துரப்பணம்.
போல்ட்டைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.
"வெள்ளித் தூள்ல இரும்பு கலந்தா
முதலாளி என்னை உருக்கிடுவார்."
வாசல் படிக்கு எழுந்து வந்து
செய்தித்தாளை விரித்து,
கெட்டியான ஊசி ஒன்றை மாட்டிக்கொண்டு
மூச்சைப் பிடித்துத் துளைத்தார்.
கடைசியில் ஒரு காந்தத்தால்
படியையும் தன் கால் விரல் இடுக்குகளையும் தடவிக்கொண்டார்.
ஐம்பது கேட்டார், ஊசி மழுங்கிவிட்டதாம்.
நாற்பது கொடுத்தேன்.
போல்ட்டை ஜரிகைத் தாளில் மடித்துத் தந்தார்,
வேறு தாள் அவரிடம் இல்லை.

திங்கட்கிழமை. செம்மநத்தம் பிரிவுக்கு முந்தைய திருப்பம்.
பனிக்குள் ஒரு கறுப்பு,
கிட்டே போகப் போக அதற்குக் கொம்பு முளைத்தது.
முழங்கால்வரை வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு
ரோட்டை அடைத்து நின்ற காட்டெருமை.
பிடித்தேன்.
கீச்சென்று ஒரு சத்தம், பிறகு
சில்வர் ஓக் இலையிலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும்.
பத்தடி.
அதன் மூச்சு என் கைப்பிடிவரை வந்தது.
பாய்ந்திருக்கலாம், அதுவும் நின்றுகொண்டது.
எனக்கு நாற்பது ரூபாய் செலவு.
அதற்கு என்ன செலவானதோ.

எஸ்டேட் ரைட்டர் நோட்டீஸை வாங்கிக்கொண்டு
கடிகாரத்தைப் பார்த்தார்.
"ஏன் லேட்டு?"

வழியில் ஒருத்தர் குறுக்கே இருந்தார்,
அவர் போகட்டுமென்று நின்றேன் என்றேன்.