நுனி

திருநெல்வேலிச் சந்தையில்
வெண்டிக்காயை ஒவ்வொன்றாய் நுனி முறித்துப் பார்த்தபடி
அவ கேட்டா:
"நீர் ஆஸ்பத்திரியிலதானே பிள்ளை,
எங்கட பெட்டைக்குப் பேசின பெடியன், உமக்குத் தெரியுமோ?
ஆள் என்ன மாதிரி?"

பிறகு ஒரு பெயர் சொன்னா.
அதை இங்கே எழுதமாட்டேன்.
வேலையையும் ஊரையும் எடுத்துவிட்டேன்.
சந்தைகூட வேறு சந்தையாக இருக்கலாம்.
வெண்டிக்காய் மட்டும் உண்மை.

எங்கள் அறைவாசலில் ஓர் இலக்கம்தான்.
கோப்பு மட்டையிலும் இலக்கம்.
பெயர்கள் இரும்பு அலுமாரிக்குள்,
அதன் திறப்பு என் வீட்டுத் திறப்போடு
ஒரே வளையத்தில்.
இருட்டில் சில நாள்
ஆஸ்பத்திரித் திறப்பைப் போட்டு
என் கதவைத் திருகிக்கொண்டு நிற்பேன்.

"தெரியாது அக்கா" என்றேன்.
உடனே சொன்னேன்.
ஒரு மூச்சுத் தாமதித்திருந்தால்
அந்தத் தாமதமே அறிக்கை.

முதல்நாள் அவன் குளிசையைப் பற்றிக் கேட்கவில்லை,
எத்தனை வருசம் இருப்பேன் என்றும் கேட்கவில்லை.
"மிஸ், ஆருக்குச் சொல்லுவியள்?"
ஒருத்தருக்கும் இல்லை என்றேன்.
அந்த ஒரு சொல்லை நம்பி
மாதாமாதம் வந்தான், மாரி மழையிலும்,
தலைக்கவசத்தைக் கழற்றாமலே வாங்கில் இருப்பான்.
இப்போது அவன் இரத்தத்தில் கிருமி
கருவிக்கே பிடிபடாத அளவு.

அவளுக்குத் தொற்றாது என்றார் டொக்டர்.
தொற்றாதது வேறு,
தெரியாமல் தாலிக்குக் கழுத்து நீட்டுவது வேறு
என்றும் அவரே சொன்னார்.
சுற்றறிக்கையை மூன்று தரம் வாசித்தோம்.
'இயலுமானவரை' என்ற சொல்லுக்குக் கீழே
பென்சிலால் கோடு போட்டார்,
பிறகு அழித்தார்.

அவனைக் கூப்பிட்டுச் சொன்னோம்:
எட்டாம் திகதிக்குள் நீரே சொல்லும்.
வாய் வராவிட்டால் கூட்டிக்கொண்டு வாரும்,
இருந்து கதைப்போம்.
இரண்டுமில்லையென்றால்
என்று டொக்டர் தொடங்கியபோது
அவன் டொக்டரைப் பார்க்கவில்லை,
என்னைத்தான் பார்த்தான்.
முதல்நாள் நீங்கள் சொன்னது என்ன என்று
கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஏழாம் திகதி இரவு
யாருக்கு நான் பொய் சொன்னேன் என்று
எண்ணிப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.
பக்கத்து வீட்டு மோட்டர் தண்ணீர் ஏற்றி நின்றது.
விடியவில்லை.

எட்டாம் திகதி, மழை.
வாங்கில் அவன், தலைக்கவசம் மடியில்.
ஈரக்குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
பக்கத்தில் ஒரு பெண்.
வழமைபோல், நிமிராமல்,
"இலக்கம்?" என்றேன்.
அவன் வாய் திறக்கமுன்
அவள் சொன்னாள்.

கலியாணம் நடந்ததா என்று கேட்காதீர்கள்.
சந்தையில் அவ இப்போது என்னோடு கதைப்பதில்லை.
அதிலிருந்தும்
எதையும் ஊகிக்கவேண்டாம்.