பறவை: இல்லை

மூன்று நாளுக்கொரு முறை
பதினாறு தொழுவங்களில் பால் எடுக்கிறேன்.
குழாயை மாட்டிவிட்டால்
தொட்டி வடியப் பன்னிரண்டு நிமிடம்.
அந்த நேரத்தில்தான்
அண்ணாந்து பார்க்கப் பழகினேன்.

ஃபிரீஸ்லாந்தில் வெளியே அண்ணாந்தால் மேகம்.
தொழுவத்துக்குள் அண்ணாந்தால் உத்தரம்,
உத்தரத்தில் சேற்றுக் கிண்ணங்கள்,
விளிம்பில் நாலைந்து மஞ்சள் வாய்கள்.
எண்ணினேன்.
பால் ரசீதின் முதுகில் எழுதினேன்.
கையில் வேறு தாள் இல்லை, அவ்வளவுதான்.

முதல் வருடம் வீப்ரனிடம் முப்பத்தொன்று.
ரின்ஸவிடம் பத்தொன்பது.
மதகடியில் பாவ்க்யேயும் அவள் தங்கையும் நடத்தும் பண்ணையில்
எண்ணி முடிக்குமுன் தொட்டி வடிந்துவிட்டது.

அன்றெல்லாம் நிறுத்துமிடம்தோறும்
முன்கண்ணாடியைச் சுரண்டுவேன்.
கொசு, வண்டின் ஓடு, அந்துப்பூச்சியின் மாவு.
இப்போது வாளித் தண்ணீர்
காலையில் ஊற்றியபடியே திரும்பி வருகிறது.

நிறுவனப் படிவத்தில் ஏழாவது கேள்வி:
தொழுவத்தில் பறவை உண்டா?
உண்டென்றால் பண்ணைக்குக் கழிவுப்புள்ளி.
புள்ளி மூன்றானால் பாலுக்கு விலை குறையும்.
விலை குறைந்தால் ஏணி வரும்,
ஏணியின் மேல் துடைப்பக்கட்டை.

இல்லை என்று குறியிட்டேன்.
தொப்பியில் விழுந்த எச்சத்தைத் துடைத்துக்கொண்டே
இல்லை என்று குறியிட்டேன்.
இருபத்திரண்டு வருடம்,
பதினாறு தொழுவம்,
இல்லை.

வீப்ரன் புதுத் தொழுவம் கட்டினான்.
எந்திரம் கறக்கிறது, கதவு தானாக மூடிக்கொள்கிறது.
தகைவிலானைத் தகைத்தது
ஒரு நைலான் வலை.
ஏப்ரல் கடைசியில் இரண்டு வந்தன.
சஹாராவைத் தாண்டி வந்தவை
வலைக்கு முன்னால் சிறகடித்தபடி
கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றன.
நான் குழாயைச் சுருட்டுவதுபோல் பாவனை செய்தேன்.

ரின்ஸ மாடுகளை விற்றுவிட்டான்.
கதவின் மேல்பாதியை மட்டும் திறந்தே வைத்திருக்கிறான்.
மாடில்லை, சாணமில்லை, ஈயில்லை.
எனக்கு அங்கே வேலையில்லை,
ஆனாலும் அந்த வளைவில் வண்டி மெதுவாகிறது.

எல்லாமே குறைகிறது என்றால் அது பொய்.
மதகடியில் சாணக்குவியல் அப்படியே கிடக்கிறது,
நாற்றமென்று அண்டை வீட்டார் மனுப் போட்டார்கள்,
இந்த வருடம் அங்கே நாற்பத்துநான்கு.
நெடுஞ்சாலை வேலைக்குக் கொட்டிய மணல்மேட்டில்
மணல் தகைவிலான்கள் அறுபது பொந்து குடைந்துவிட்டன.
மண்வாரி ஓட்டுகிற ஏபே
கெட்டவார்த்தை ஒன்று சொல்லிவிட்டு
அடுத்த மேட்டுக்குப் போனான்.

போன மாதம் மாகாண அலுவலகத்திலிருந்து
நின்கே என்றொருத்தி வந்தாள்.
நிறுவனம் கொடுத்த படிவங்களையெல்லாம்
கணினியில் ஏற்றியிருந்தாள்.
திரையில் ஒரே கோடு,
பூஜ்யத்தில் பிறந்து பூஜ்யத்திலேயே படுத்திருந்தது.
“உங்கள் தடத்தில் எதுவும் குறையவில்லை” என்றாள்,
“இருந்ததே இல்லை போலிருக்கிறது.”
ஒவ்வொரு தாளின் அடியிலும் என் கையெழுத்து.

வீட்டில் பூட்ஸ் பெட்டி நிறைய ரசீதுகள்.
முன்பக்கம் லிட்டர், பின்பக்கம் கூடு.
இரண்டு இரவு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மூன்றாம் நாள் மதகடிப் பண்ணையின் சீட்டுகளை மட்டும்
ரப்பர் வளையம் போட்டு எடுத்து வைத்துவிட்டு
மீதியைக் கொடுத்தேன்.

இனி அவள் கோடு சரிந்துகொண்டே போகும்.
நாற்பத்துநான்கு கூடுகள் அதில் இருக்காது.
அவை இருக்கவேண்டிய இடம் உத்தரம்.

இன்று காலை மதகடி.
பாவ்க்யே காப்பி நீட்டினாள்,
கோப்பையின் மேல் ஒரு சாசரைக் கவிழ்த்து.
படிவத்தைத் தொடைமேல் வைத்து
ஏழாவது கேள்விக்கு வந்தேன்.
தொப்பியில் சொத்தென்று ஏதோ விழுந்தது.