இருபத்திரண்டு நிமிடம்

மூன்று கறுப்பு வளையமா, இரண்டா?
மத்திய வீதிக் கடையில் நஃப்ரீஸ்
மைக் வயரின் நுனியைக் கண்ணருகே பிடித்துக் கேட்டான்.
நான் எண்ணிப் பார்த்ததில்லை.

இரண்டுதான்.
மடிக்கணினியின் ஒற்றைத் துளை
அதை ஹெட்போன் என்று நினைத்து
இத்தனை நாள் என்னைக் கேளாதிருந்தது.
அறுநூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு அடாப்டர்.
இப்போது கேட்கிறது,
ஆனால் என் குரலுக்கடியில் ஒரு வண்டு.

சார்ஜரைப் பிடுங்கினேன். வண்டு செத்தது.
பற்றரியில் இருபத்திரண்டு நிமிடம்.
ஃபேனை நிறுத்தி, மெத்தையைச் சுவரில் சாத்தி,
வியர்வை மூக்கால் சொட்டச் சொட்ட
முதல் வரியிலேயே பிழைவிட்டேன்.

பதிவைத் திருப்பிப் போட்டால்
எனக்குப் பின்னால் யாரோ மெல்லுகிறார்கள்.

யன்னலுக்கு வெளியே
கோட்டைப் பக்கமிருந்து வந்த புள்ளிமான்
மைக் வந்த அட்டைப்பெட்டியைத்
தின்றுகொண்டிருக்கிறது,
உத்தரவாதச் சீட்டோடு.