உறைந்தது எது

மிர்யா தன் சவுனா ஜன்னலில்
பழைய கைப்பேசி ஒன்றை நாடா போட்டு ஒட்டியிருக்கிறாள்.
அது ஆற்றைப் பார்க்கிறது.
நாங்கள் அதைப் பார்க்கிறோம்.

நட்டாற்றில், பனிப்பாளத்தில் ஊன்றிய சிவப்புக் கம்பு.
அது என்றைக்குச் சாய்கிறதோ
அன்றைக்குத்தான் பெல்லோ ஊருக்கு வசந்தம்.
நேரத்தைச் சரியாகச் சொன்னவருக்கு
மூன்று கிலோ காப்பித்தூள்.
நான் சொன்னது நேற்று மதியம். போயிற்று.
இருந்தும் உட்கார்ந்திருக்கிறேன்.
ஔலுவில் காகித ஆலைக் காவலனுக்கு
இரவு பதினொன்றுக்கு வேறென்ன வேலை,
வெளிச்சமே வீட்டுக்குப் போகாத மே மாதத்தில்?

படம் நின்றுவிட்டது என்று எழுதுகிறார் சுலெவி.
நிற்பது ஆறு என்று எழுதுகிறாள் ஹில்க்கா,
ஆறு ஆறு மாதமாய் நிற்கிறது.
உறைந்தது நீரா, திரையா?
கண்டுபிடிக்க ஒரே வழி,
குறுக்கே ஒரு காக்கை பறக்க வேண்டும்.

காத்திருக்கிறோம்,
பதினான்கு பேர், ஒரு காக்கைக்காக.

அணைத்துவிட்டுப் போடு என்கிறார் தைஸ்தோ.
எந்த நோய்க்கும் அவரிடம் அது ஒன்றே மருந்து.
மகனின் மணமுறிவுக்கும் அதையேதான் சொன்னாராம்.
மோடத்தை அலமாரியிலிருந்து இறக்கித்
தரையில் வை என்கிறார் சுலெவி.
இறக்கினாள்.
இப்போது படமும் போய்
வெறும் வட்டம் சுற்றுகிறது.
செக்குமாடாவது நடுவில் சாணி போடும்.
இதற்கு அதுவும் இல்லை.

சரி, இன்று வியாழன்,
பட்டாணி சூப்புக்கு ஊறப் போட்டாயிற்றா
என்று ஆரம்பிக்கிறாள் ஒர்வோக்கி.
ஊற வைக்காமலே வேகும் என்று ஒருவர்.
வேகும், பல் இருந்தால் தின்னலாம் என்று ஒருவர்.
ஹில்க்காவின் நாய் கையுறையை விழுங்கியதில்
வயிற்றில் ஒன்பது தையல்,
இன்னொரு கையுறையை அதற்கே கொடுத்துவிட்டாளாம்.
கிருனா சாலையில் லாரியை நிறுத்திவிட்டு
ஆன்டே எழுதுகிறான்:
முன்னால் நாற்பது கலைமான்கள்,
என் பாதையிலும் சுற்றுகிறது வட்டம்.

படம் இல்லை. ஆனால் ஒலி வருகிறது.
அது மிர்யாவுக்குத் தெரியாது.
முதலில் கடிகாரம். பிறகு ஒரு தும்மல்.
பிறகு யாரிடமோ, பூனையாக இருக்கலாம்,
சொல்கிறாள்:
பனி போனதும் இவர்களும் போய்விடுவார்கள், பார்.

பதினான்கு பேரும் தட்டச்சு செய்யவில்லை.
சூப்பு பாதியில் நிற்கிறது.
ஒலி கேட்கிறது என்று சொல்லிவிடலாம்.
சொன்னால், கேட்டது தெரிந்துவிடும்.

அப்போதுதான்,
மாடியிலிருந்து பீரோவை உருட்டிவிட்டது போல.
ஒன்று. இரண்டு. பிறகு நெடுநேரம்
கண்ணாடிக் கடை முழுக்க நடந்து போவது போல.

மிர்யா கத்துகிறாள். நாற்காலி விழுகிறது.
நாங்கள் வட்டத்தையே வெறிக்கிறோம்,
அதற்குள் ஆறு இருப்பதுபோல.

படம் வந்தபோது கம்பு இல்லை.
கறுப்பு நீர் ஓடிக்கொண்டிருக்கிறது,
எப்போதும் ஓடியது போன்ற முகத்தோடு.
ஏழு மாதம் பார்த்தோம்,
பார்க்க வேண்டியதை ஒருவரும் பார்க்கவில்லை.

காப்பித்தூளுக்குச் சண்டை.
பதினொன்று நாற்பத்தெட்டு என்கிறார் தைஸ்தோ.
உன் இணைப்பு ஒரு நிமிடம் பிந்தியது,
நாற்பத்தேழு என்கிறார் சுலெவி.
மிர்யாவின் கடிகாரமோ
கோடைகால நேரத்துக்கு மாற்றப்படவே இல்லையாம்.

நள்ளிரவு தாண்டியாயிற்று.
திரை ஓரத்து எண்ணைப் பார்க்கிறேன்:
பதினான்கு.
மிதந்து போகும் பாளம் ஒன்றின் மேல்
காக்கை உட்கார்ந்து போகிறது.
அதை ஒருவரும் கவனிக்கவில்லை.
ஆப்பச்சோடா ஒரு சிட்டிகை போட்டால்
பட்டாணி சீக்கிரம் வேகும் என்கிறாள் மிர்யா,
இவ்வளவு நாளில் முதல்முறையாக
ஆற்றைப் பற்றி அல்லாத ஒன்றை.
கூடாது, நுரைக்கும் என்று
ஐந்து பேர் ஒரே நேரத்தில் எழுதுகிறோம்.