பதினேழாம் நம்பர் காற்றாலை

அந்த பேண்டின் பெயர் எங்களில் யாருக்கும் வாசிக்க வராது.
அட்டையில் எழுத்து,
உடைமுள்ளை வெட்டி வேலியோரம் குவித்த மாதிரி இருக்கும்.
அதனால் உடைமுள் என்றே வைத்துக்கொண்டோம்.
ஃபின்லாந்தில் அவர்களுக்கு இது தெரியாது.

தனிஸ்லாஸுக்கு முதல் ஆல்பம். அதோடு சரி.
"ஈயச்சட்டிக்குள்ள மைக்கப் போட்டு எடுத்திருக்கானுவ,
அதாம் வே அழகு."
மண்டை உச்சியிலிருந்து ஆணி பிடுங்குகிற கூவல்தான்
அவனுக்குக் குரல்.
வைகுண்டமணிக்கு மூன்றாவது,
பாடகன் மாறிய பிறகு வந்தது.
உறுமல். ஒரு வார்த்தையும் முளைக்காத உறுமல்.
"கெணத்துக்குள்ள பாறை உருளுத மாதிரி கேக்கும் வே.
உம்ம ஆளு, வாலை மிதிச்ச பூனை."
"உம்ம ஆளு, செரிக்காத ஏப்பம்."

பணகுடி தாண்டினால்
ஆனிக் காற்று பைக்கைச் சாய்த்தே ஓட்டச் சொல்லும்.
ஜீப்பில், டீக்கடையில், எண்பது மீட்டர் ஏணியில்
இடுப்புக் கொக்கி மாட்டும்போதும் இதே சண்டை.
கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் எனக்கு
வாக்கிடாக்கி வழியே அத்தனையும் வந்து சேரும்.
மூன்றாவதில் டிரம்ஸைக் கம்ப்யூட்டர் திருத்தியதா,
முதலாவதில் பேஸ் கிட்டார் என்று ஒன்று இருக்கிறதா
(இது மட்டும் ஒரு வாரம் ஓடியது).
எனக்குப் பிடித்தது இரண்டாவது.
அதை இருவருமே ஆல்பமாகச் சேர்ப்பதில்லை.
நான் சொன்னதுமில்லை.

ஆடி பிறந்த மூன்றாம் நாள்
பதினேழாம் நம்பரின் அடியில் நுழைந்து
இரும்புக் கதவைச் சாத்தினான் தனிஸ்லாஸ்.
மேலே இறக்கைகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.
"பாடும் வே உம்ம மூணாவது ஆல்பத்த.
இந்தக் கொழாயே தீர்ப்புச் சொல்லட்டும்."

வைகுண்டமணி செருமினான். தண்ணீர் குடித்தான்.
உறுமினான்.
கேபிள்களோடு ஏறிப்போய்
மூன்று தட்டையும் முட்டித் திரும்பி இறங்கியது அது.
என் மேசையில் வாக்கிடாக்கி நடுங்கி அரை விரல் நகர்ந்தது.
பிறகு தனிஸ்லாஸ் கூவினான்.
கண்ணில் நீர் வந்ததைப் பின்னால் ஒப்புக்கொண்டான்,
இருமலால் என்று.

எதிரொலி அடங்கக் காத்திருந்தார்கள்.
ஒன்று அடங்கவில்லை.
உறுமலுக்கு மேலே, கூவலுக்குக் கீழே,
யாரோ தேங்காய் துருவுகிறார்கள்.
நிறுத்துகிறார்கள்.
துருவுகிறார்கள்.

"ஓய், அது நீரா?"
"நான் வாய மூடிட்டேம்லா."

பதினைந்து வருஷமாக
இரைச்சலுக்குள் இழை பிரித்த காதுகள் நான்கு.
"கியர்பாக்ஸ் இல்ல."
"இல்ல. மெயின் பேரிங்."
"முன்பக்கம்."
"முன்பக்கந்தான்."
அவர்கள் ஒத்துப்போய் நான் கேட்டது அன்றைக்குத்தான்.

என் திரையில் எல்லாம் பச்சை.
வெப்பம் சரி, அதிர்வு சரி,
நொடிக்குப் பதினான்கு மீட்டர் காற்று.
வருஷத்தில் காசு கொட்டுகிற மாதம்.
நிறுத்தினால் கோயம்புத்தூரிலிருந்து போன் வரும்.

நிறுத்தினேன்.
போன் வந்தது.

கிரேன் வந்து திறந்தபோது
உருளையில் நகத்தால் கீறிய மாதிரி ஒரு தடம்.
'வழக்கமான ஆய்வில் கண்டறியப்பட்டது'
என்று அறிக்கையில் எழுதினார்கள்.

அன்று சாயங்காலம் காவல்கிணறு டீக்கடையில்
ஒரு ரசவடை தீரும்வரை இருவரும் பேசவில்லை.
வாக்கிடாக்கியை அணைக்க மறந்திருந்தார்கள்.
கண்ணாடி தம்ளர் வைக்கும் சத்தம்.
பிறகு வைகுண்டமணி மெதுவாக:
"அந்தத் துருவல், யோசிச்சுப் பாத்தா,
ரெண்டாவது ஆல்பத்துல ஆறாவது பாட்டு
தொடங்குத மாதிரி இல்ல?"
"அதெல்லாம் ஒரு ஆல்பமா வே?"

பொத்தானை அழுத்தினேன்.
"ஆறாவது இல்லை," என்றேன்.
"அஞ்சாவது."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
காற்று மட்டும்.