அரைச் சுற்று

எஞ்சினை அணைத்தது நான்தான்.
சாவி என் சட்டைப்பையில் இருந்தது.
இதை எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன்:
சாவி என் சட்டைப்பையில் இருந்தது.

தோ-ஆஷூ கணவாய்க்குக் கீழே, அக்டோபர் கடைசி.
பனி இறங்குமுன் போட்டு முடிக்க இன்னும் ஒன்பது கிலோமீட்டர்.
அடிவாரத்திலிருந்து ஏறி வந்த லாரி
கலவையைப் பாதிச் சூட்டில் கொட்டிவிட்டுப் போனது.
குதிரைக் குளம்பளவு ஒரு கட்டி
தார் விரிக்கும் எந்திரத்தின் திருகில் மாட்டிக்கொண்டது.
முக்கியது, முனகியது, நின்றது.

பின்னால் ரோலர்.
அதற்கும் பின்னால் ஆப்பிள் லாரிகள்,
ஹாரன்கள், ரிப்பன் கட்டிய ஒரு கல்யாண வேன்.
ஆறும் தாருக்குப் பொறுமை கிடையாது.

ஜூமாபேக் கடப்பாறையைத் தேடினான்.
அது ரோலர்கார தேமிர்குலிடம் இருந்தது,
நாற்பது அடி தள்ளி.
நாற்பதே அடி.
"அணைச்சாச்சா?" என்றான்.
"அணைச்சாச்சு" என்றேன்.
பொய்யில்லை.

கையேட்டில் இருந்ததாம், அறுபத்திரண்டாம் பக்கம்.
துருக்கியில் அச்சடித்தது;
எங்களுக்குப் பாதி புரியும், பாதி புரியாது.
எஞ்சின் நின்றாலும் எண்ணெய்க் குழாயில் அழுத்தம் நிற்கும்,
வடித்துவிட்டுக் கை வை என்பது
புரியாத பாதியில் இருந்தது.

கட்டி உடைந்தது.
திருகு அரைச் சுற்றுச் சுற்றியது.
அரைதான். முழுசாகக்கூட இல்லை.
ஈரத் துணி பிழிகிற சத்தம்.
அவன் கத்தவில்லை.
என் முகத்தைப் பார்த்தான்,
மணி கேட்டதற்கு நான் கிழமை சொன்னதுபோல.

அலுவலகத்து சபிரா படிவம் நிரப்பினாள்.
காரணம் என்ற கட்டத்தில்
ஒரு விரல் நீளத்துக்கு இடம்.
'கவனக்குறைவு' அதில் சரியாக அடங்கியது.
யாருடையது என்று எழுத இடமில்லை.

மறுநாள் காலை திருகைக் கழுவினோம்.
கையுறையின் நூல் கொஞ்சம் வரவேயில்லை.
பதினோரு மணிக்கு அடுத்த லாரி வந்தது.
வந்த கலவையை என்ன செய்ய,
போட்டோம்.

இப்போது அவன் கரா-பால்தாவில்
பெட்ரோல் பங்க்கில் நிற்கிறான்.
சில்லறையை இடது கையால் எண்ணுகிறான், மெதுவாக.
வருகிற வண்டிக்காரர் எல்லோரிடமும்
அவன் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்றுதான்.
என்னிடமும் கேட்கிறான்.
"அணைச்சாச்சா?"

சாவியை உருவி ஜன்னலில் நீட்டுகிறேன்.
அவன் சாவியைப் பார்ப்பதில்லை.
பானெட்மேல் உள்ளங்கையை வைத்து
கொஞ்ச நேரம் நிற்கிறான்.